எட்டுப் புள்ளிக்குள் தோற்பது எப்படி: நெப்ராஸ்கா ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து அணி ஆடி முடித்த சனிக்கிழமை சாயங்காலம் என் முகத்தைப் பார்த்தால் போதும், வீட்டில், ஆபீசில், ஊரிலிருந்து போனில் என்று ஆளாளுக்கு ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் புலம்பிப் புலம்பித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதைக் கையில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்துகொள்வேன்.

இது எந்தக் கால்பந்து? மெஸ்ஸி ஆடுவதா?

இல்லை, இது அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால், பந்து பெரும்பாலும் கையில்தான். நூறு யார்டு மைதானம், பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. மூன்று வாய்ப்பிலும் முடியவில்லை என்றால் பெரும்பாலும் நான்காவதில் பந்தை எதிரணியின் பக்கம் தூரமாக உதைத்துக் கொடுத்துவிடுவார்கள், அதற்குப் பெயர் பன்ட். இந்த ஒரு வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிறைய வரும். எல்லையைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி. அதற்கு மேல் ஓர் உதைக்கு ஒன்று, அல்லது துணிந்து இன்னொரு முறை எல்லைக்குள் கொண்டுபோனால் இரண்டு. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், மூன்று. ஆக, பந்து ஒரு முறை கைக்கு வந்தால் அதிகபட்சம் எட்டுப் புள்ளி எடுக்கலாம். அதனால் எட்டுக்குள் தோற்றால் அதை ‘ஒரு ஸ்கோர் தோல்வி’ என்பார்கள். எங்கள் மாநில விளையாட்டே அதுதான்.

கல்லூரிப் பையன்கள் ஆடுவதற்கா இவ்வளவு கலாட்டா?

நெப்ராஸ்கா மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை சுமார் இருபது லட்சம். பெரிய லீகுகளில் ஆடும் தொழில்முறை அணி ஒன்றுகூடக் கிடையாது. சோளமும் மாடும் போக மிச்சம் இருப்பது லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழக அணிதான். அணியின் பெயரே சோளம் உரிப்பவர்கள், கார்ன்ஹஸ்கர்ஸ். சுருக்கமாக ஹஸ்கர்ஸ். மேட்ச் நாளில் மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் உட்காருவார்கள். மாநிலத்தில் ஒமாஹா, லிங்கன் தவிர வேறு எந்த ஊரிலும் அத்தனை பேர் கிடையாது, அதனால் அந்த சில மணி நேரத்துக்கு ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர். 1962 நவம்பரிலிருந்து வீட்டு மைதான ஆட்டங்களுக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத்தீர்ந்துகொண்டே இருக்கிறது. கென்னடி அதிபராக இருந்தபோது ஆரம்பித்த வரிசை அது.

சும்மாவும் இல்லை. 1970, 1971, 1994, 1995, 1997 என்று ஐந்து தேசியப் பட்டங்கள். டாம் ஆஸ்போர்ன் 25 வருஷம் கோச்சாக இருந்து 255 ஆட்டம் ஜெயித்தார், தோற்றது 49, சமன் 3. இப்படி ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் பழைய கஞ்சியைப் போட்டால் என்ன ஆகும்?

நீ எப்படி இதில் போய் மாட்டினாய்?

வேலைக்கு லிங்கன் வந்த முதல் வருஷம் கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஒரு டிக்கெட் கொடுத்தார். மைதானம் முழுக்கச் சிவப்பு. முன் வரிசையில் ஒரு பாட்டி கையில் சிவப்பு பலூன் வைத்திருந்தார், எனக்கும் ஒன்றை நீட்டி, நம் ஆட்கள் முதல் தடவை புள்ளி எடுத்ததும் விடு, அதற்கு முன்னால் விட்டுவிடாதே என்றார். விட்டோம். ஆயிரக்கணக்கான பலூன் ஒரே நேரத்தில் மேலே போனது. கையில் ரன்ஸா, அதாவது மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வைத்துச் சுட்ட நீள பன், அந்த ஊர்ச் சரக்கு. ஆட்டம் முடிந்து வெளியே போகும் எதிரணிக்கும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சரி, இவர்கள் நல்லவர்கள், இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அது ஒரு தப்பு.

அந்த பலூனும் இப்போது இல்லை. ஹீலியம் தட்டுப்பாடு, மருத்துவத்துக்கே பற்றவில்லை என்று 2022-இல் நிறுத்தினார்கள். நியாயமான முடிவுதான். ஆனால் அந்த வருஷம் அணி ஆடிய ஆட்டத்துக்குப் பலூன் இருந்திருந்தாலும் தானாகவே காற்று இறங்கியிருக்கும்.

ஸ்காட் ஃப்ராஸ்ட் யார்? அந்தப் பெயரைச் சொன்னாலே ஏன் பல்லைக் கடிக்கிறாய்?

அந்தக் கதைதான் கொடுமை. ஃப்ராஸ்ட் வெளியாள் இல்லை. நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்தவர், 1997 பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர். ஆஸ்போர்னின் கடைசி அணி அது. அப்புறம் கோச் ஆனார். 2017-இல் புளோரிடாவில் உள்ள யூசிஎஃப் அணியை ஒரு தோல்வி இல்லாமல் 13-0 என்று கொண்டுபோனார். அந்த வருஷம் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்த அணி அது. அதே டிசம்பரில் ஏழு வருஷம், மூன்றரைக் கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டு ஊருக்குக் கூட்டிவந்தோம். வீட்டுப் பிள்ளை திரும்பி வருகிறான் என்று மாநிலமே ஆரத்தி எடுத்தது. நானும் தட்டைப் பிடித்தவன்தான்.

கணக்கைச் சொல்கிறேன், முதலில் வெற்றி, அப்புறம் தோல்வி. 2018: 4-8. 2019: 5-7. கொரோனா வருஷம்: 3-5. 2021: 3-9. 2022-இல் மூன்று ஆட்டம் முடிந்ததும் வெளியே. மொத்தம் 16 வெற்றி, 31 தோல்வி.

அணி மோசம் என்றால் தோற்கத்தான் செய்யும். அதற்கு கோச் என்ன பண்ணுவார்?

அணி மோசம் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது தோல்வியில் ஒன்றுகூட ஒன்பது புள்ளிக்கு மேல் இல்லை. ஓஹாயோ ஸ்டேட்டிடம் 26-17, ஒன்பது. மற்ற எட்டும் எட்டுக்குள். மிச்சிகனிடம் 32-29, ஓக்லஹோமாவிடம் 23-16, விஸ்கான்சினிடம் 35-28. அந்த வருஷம் நாங்கள் எடுத்த புள்ளி 335, கொடுத்தது 272. எதிரிகளைவிட 63 புள்ளி அதிகமாக எடுத்துவிட்டு மூன்று ஆட்டம் ஜெயித்து ஒன்பது தோற்ற அணி! ஜெயித்த மூன்றில் ஒன்று 56-7, ஒன்று 52-7. ஜெயித்தால் அடித்து நொறுக்குவோம், தோற்றால் மயிரிழையில் தோற்போம். அடிவாங்கித் தோற்கிற அணியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். இந்த மாதிரித் தோற்றால் ராத்திரி இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

கொஞ்சத்தில் தோற்றால் அது அதிர்ஷ்டம் இல்லாததுதானே?

இதைக் கேட்காதவர்கள் இல்லை. முதல் வருஷம் நானும் அதைத்தான் சொன்னேன். இரண்டாவது வருஷமும் சொன்னேன்.

ஃப்ராஸ்ட் காலத்தில் 47 ஆட்டத்தில் 27 ஆட்டம் எட்டுப் புள்ளிக்குள் முடிந்தது. அதில் ஜெயித்தது 5, தோற்றது 22. காசைச் சுண்டிவிட்டு ஆடியிருந்தால் பதின்மூன்று ஆட்டமாவது ஜெயித்திருப்போம். 27 தடவை சுண்டினால் ஐந்து தலையோ அதற்கும் குறைவாகவோ விழ எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு நாள் கோபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 1,300 தடவைக்கு ஒரு முறை. அதிர்ஷ்டம் அந்த அளவுக்கு யாரையும் தேடிவந்து அடிக்காது. நெருக்கமான ஆட்டத்தைத் தீர்மானிப்பது சின்னச் சின்ன வேலைகள், அந்த வேலைகளை யாரோ செய்யாமல் விடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். 2021 செப்டம்பர், மிச்சிகன் ஸ்டேட்டின் மைதானம். நாங்கள் 20-13 என்று முன்னிலை. நான்கு நிமிடம்கூட மிச்சம் இல்லை. இரண்டாம் பாதி முழுக்க எங்கள் தடுப்பாட்டம் அவர்களை இருபது யார்டுகூட நகர விடவில்லை, அப்படி ஒரு ஆட்டம். பன்ட் பண்ணிப் பந்தைக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை மடக்கினால் முடிந்தது கதை. வலது பக்கம் உதைக்க வேண்டும் என்பது திட்டம், நம் ஆட்கள் எல்லாரும் வலது பக்கம் ஓடுகிறார்கள். பந்து இடது பக்கம் போகிறது. அங்கே நம் ஆள் ஒருவர்கூட இல்லை. அவர்களுடைய ஆள் பந்தைப் பிடித்து 62 யார்டு, காலைக் காற்றில் நடப்பவர் மாதிரி ஓடி எல்லைக்குள் போய்விட்டார். சமன். கூடுதல் நேரத்தில் 23-20 தோல்வி. டிவி முன்னால் நான் பொத்தென்று தரையில் உட்கார்ந்தேன், கையில் இருந்த டீ பாயில் போய்விட்டது.

உதைத்த பையனை நான் திட்ட மாட்டேன். இருபது வயசுப் பிள்ளை, கால் நழுவும். ஆனால் பந்து தப்பான பக்கம் போனால் யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமா இல்லையா?

ஸ்பெஷல் டீம்ஸ், ஸ்பெஷல் டீம்ஸ் என்று கத்துகிறாயே, அது என்ன?

தாக்குதல் ஒரு குழு, தடுப்பு ஒரு குழு. உதை சம்பந்தப்பட்ட எல்லாம் மூன்றாவது குழு: பன்ட், ஃபீல்ட் கோல், ஆட்டத்தைத் தொடங்கும் உதை, உதையைப் பிடித்து ஓடுவது. அதுதான் ஸ்பெஷல் டீம்ஸ். பார்க்கச் சலிப்பாக இருக்கும், அந்த நேரத்தில்தான் ஜனங்கள் பாப்கார்ன் வாங்கப் போவார்கள். எங்கள் கோச்சிங் ஸ்டாஃபும் பாப்கார்ன் வாங்கத்தான் போயிருந்தார்கள் போல.

அதே 2021. முதல் ஆட்டம் இல்லினாய்: எங்கள் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து விழும் பன்ட்டைத் தொடாமல் விட்டிருக்க வேண்டும், பிடித்துவிட்டுத் தடுமாறி எதிரணிக்கு இரண்டு புள்ளி தானம். அதே ஆட்டத்தில் ஒரு புள்ளி உதை இரண்டு தடவை தவறியது. 30-22 தோல்வி. அடுத்து ஓக்லஹோமா: இரண்டு ஃபீல்ட் கோல் தவறியது, ஒரு புள்ளி உதையை அவர்கள் தடுத்து அப்படியே எதிர்முனை வரை ஓடி இரண்டு புள்ளி எடுத்துக்கொண்டார்கள். கூட்டிப் பாருங்கள், எங்களுக்குப் போனது ஏழு, அவர்களுக்கு வந்தது இரண்டு. தோற்றது ஏழு புள்ளியில். கடைசி ஆட்டம், அயோவா, சொந்த மைதானம்: 21-6 என்று முன்னிலை. பன்ட் பண்ணப் போனோம், தடுத்தார்கள், அதையே டச் டவுன் ஆக்கினார்கள். அதிலிருந்து ஆட்டம் சரிந்து 28-21.

இத்தனைக்கும் நடுவில் நவம்பரில் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் யார் தெரியுமா? தாக்குதல் பிரிவு உதவிப் பயிற்சியாளர்கள் நான்கு பேர். கூரை ஒழுகுகிறது என்றால் சமையல்காரரை மாற்றுகிற வீடு இது. ஸ்பெஷல் டீம்ஸுக்கு என்றே முழுநேர ஆளை அந்தப் பருவம் முடிந்த பிறகுதான் வைத்தார்கள். நான்கு வருஷம் ஆனது அதற்கு.

டப்ளின் கதையை எத்தனை தடவை சொல்வாய்?

சாகிற வரைக்கும்.

2022 ஆகஸ்ட் 27, பருவத்தின் முதல் ஆட்டம், அயர்லாந்தில் டப்ளின் நகரம், எதிரணி நார்த்வெஸ்டர்ன். புதுக் குவார்ட்டர்பேக், புது உதவிப் பயிற்சியாளர்கள், புது ஆரம்பம். மூன்றாம் பகுதியில் 28-17 முன்னிலை. பதினொரு புள்ளி. டச் டவுன் போட்ட பிறகு பந்தை எதிரணிக்கு நீளமாக உதைத்துக் கொடுக்க வேண்டும், அவர்கள் தங்கள் பக்கத்து மூலையிலிருந்து ஆரம்பிப்பார்கள். அங்கே எங்கள் கோச் ஆன்சைட் கிக் அடிக்கச் சொன்னார்.

ஆன்சைட் கிக் என்றால் வேண்டுமென்றே குட்டையாக உதைத்து, நாமே ஓடிப்போய்ப் பந்தை அமுக்கப் பார்ப்பது. தோற்றுக்கொண்டிருக்கிற அணி, நேரமும் இல்லாதபோது, வேறு வழியில்லாமல் செய்கிற காரியம். கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் பாதி மைதானத்தை எதிரிக்குச் சும்மா கொடுத்ததாக ஆகும். பதினொரு புள்ளி முன்னால் இருக்கிறவன் எதற்கு அதைச் செய்ய வேண்டும்? கல்லாவில் பணம் நிறைந்திருக்கும்போது அதை எடுத்துக்கொண்டு போய் சீட்டாடுகிற கடைக்காரரை நீங்கள் பார்த்ததுண்டா?

பந்து அவர்களுக்குப் போனது. டச் டவுன் போட்டார்கள். அப்புறம் இன்னொன்று. நாங்கள் அதற்குப் பிறகு ஒரு புள்ளி எடுக்கவில்லை. 31-28. அந்த நேரத்தில் ஆட்டத்தின் போக்கு முழுக்க நம் பக்கம் இருந்ததால் அடித்து மூடிவிடலாம் என்று நினைத்ததாகவும், மறுபடி வாய்ப்பு கிடைத்தால் செய்ய மாட்டேன் என்றும் ஃப்ராஸ்டே ஒத்துக்கொண்டார், அந்த நேர்மைக்கு மதிப்பு கொடுக்கிறேன். ஆனால் அதே மூச்சில் தாக்குதல் பயிற்சியாளர்கள் இந்த லீகில் இன்னும் கற்பனையோடு திட்டம் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் பேசினார். அங்கேதான் எனக்கு விட்டுப்போனது.

பின்குறிப்பு மாதிரி ஒன்று: நார்த்வெஸ்டர்ன் அந்த வருஷம் மிச்சம் இருந்த பதினொரு ஆட்டத்தையும் தோற்றது. 1-11. அமெரிக்க மண்ணில் ஒன்றைக்கூட ஜெயிக்காத அணி, எங்களை ஜெயிக்க மட்டும் கடல் தாண்டிப் போயிருந்தது.

அப்படியென்றால் துணிச்சலே கூடாதா? ஆஸ்போர்னும் சூதாடினவர்தானே?

நல்ல கேள்வி, இதை எங்கள் ஆபீஸில் ஓர் அயோவாக்காரர் கேட்டு மடக்கினார்.

1984 ஜனவரி 2, ஆரஞ்சு பவுல், பருவம் முடிந்த பிறகு நடக்கும் பெரிய ஆட்டம். நெப்ராஸ்கா அதுவரை தோற்காத அணி. மியாமியிடம் 31-30 என்று ஒரு புள்ளி பின்னால், கடைசி நிமிடம். ஒரு புள்ளி உதை அடித்தால் சமன், அப்போது கூடுதல் நேரம் கிடையாது, சமன் ஆனாலே பட்டம் அநேகமாக எங்களுக்குத்தான். ஆஸ்போர்ன் இரண்டு புள்ளிக்குப் போனார். பந்தை மியாமி ஆள் கையால் தட்டிவிட்டார். பட்டம் போனது. இன்றைக்கும் நெப்ராஸ்காவில் அந்த முடிவுக்காக அவரை யாரும் ஏசுவதில்லை, பெருமையாகத்தான் சொல்வார்கள்.

இரண்டும் ஒன்றா? பின்னால் இருந்தபோது, ஜெயிப்பதற்காக, ஆட்டத்தை முடித்துவைக்கும் ஒரே முடிவை அவர் எடுத்தார். அந்த ஆட்டத்தை ஆடும் ஆட்களைப் பருவம் முழுக்க அதற்குத் தயார் செய்தும் வைத்திருந்தார். டப்ளினில் முன்னால் இருந்தோம், அறுபது நிமிட ஆட்டத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது, எங்கள் உதைக் குழுவின் லட்சணம் போன வருஷமே ஊருக்குத் தெரியும். வீட்டிலேயே பலவீனமான ஆளிடம் போய் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்து வைத்த மாதிரி. அயோவாக்காரர் இதைக் கேட்டுவிட்டு, ஆனாலும் இரண்டிலும் தோற்றீர்கள் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, காபி எடுக்கப் போய்விட்டேன்.

குவார்ட்டர்பேக் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. ஏட்ரியன் மார்ட்டினெஸ் நான்கு வருஷம் ஆடினார், முக்கியமான நேரத்தில் பந்தை நழுவவிட்டிருக்கிறார். 2021-இல் மிச்சிகனோடு 29-29 சமனில் இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது நழுவிய பந்து, மூன்று புள்ளித் தோல்வி. நானே திட்டியிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பருவத்தில் பல ஆட்டங்களைத் தாடை உடைந்த நிலையில் ஆடியிருக்கிறார்.

அதற்கு அடுத்த வருஷம் அவர் கேன்சஸ் ஸ்டேட்டுக்குப் போனார். 2022 செப்டம்பர் 17 அன்று ஓக்லஹோமா எங்களை 49-14 என்று துவைத்தது. சரியாக ஒரு வாரம் கழித்து அதே ஓக்லஹோமாவை, அவர்கள் மைதானத்திலேயே, மார்ட்டினெஸ் ஐந்து டச் டவுனோடு 41-34 என்று தோற்கடித்தார். அதே ஆள்தான். சொல்லிக்கொடுத்தவர்கள்தான் வேறு.

ஃப்ராஸ்டின் திட்டம் யூசிஎஃபில் வேலை செய்ததே, இங்கே ஏன் இல்லை?

வேகம்தான் அவர் சரக்கு. ஓரிகானில் கற்றுக்கொண்டது. மைதானத்தை அகலமாக விரித்து, மூச்சுவிடாமல் அடுத்தடுத்து ஆடி எதிரணியைத் திணறடிப்பது. நாங்கள் 2011-லிருந்து இருப்பது பிக் டென் லீகில். விஸ்கான்சின், அயோவா எல்லாம் மலை மாதிரி ஆட்களை முன்வரிசையில் நிறுத்தி, மெதுவாக, ஓட ஓட அடித்து, பன்ட்டையே ஆயுதமாக வைத்து ஆடுகிறவர்கள். நவம்பர் குளிரில் அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்தால் மூன்று வாய்ப்பில் மூன்று நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும், அப்புறம் நம் தடுப்பாட்டம் மூச்சு வாங்கிக்கொண்டே மறுபடி உள்ளே ஓட வேண்டும். 2018-இல் நார்த்வெஸ்டர்னிடம் பத்துப் புள்ளி முன்னால் இருந்து, கடைசியில் 99 யார்டு நகர விட்டு, கூடுதல் நேரத்தில் தோற்றோம். 2019-இல் கொலராடோவிடம் பாதி ஆட்டத்தில் 17-0, முடிவில் தோல்வி. முன்னிலையைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தெரியாத திட்டம் அது. கடைசிவரை அடித்துக்கொண்டே இருக்க மட்டும் தெரியும்.

பின்னே ஏன் சீக்கிரம் அனுப்பவில்லை?

பணம். 2019 நவம்பரில் அணி 4-5 என்று இருந்தபோது ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 2021 முடியும்போது சம்பளத்தை 50 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சமாகக் குறைத்து இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். 2022 அக்டோபர் 1-க்குப் பிறகு அனுப்பினால் நஷ்டஈடு ஒன்றரைக் கோடியிலிருந்து பாதியாகிவிடும் என்றும் எழுதிக்கொண்டார்கள். மூன்று வாரம் பொறுத்திருந்தால் 75 லட்சம் டாலர் மிச்சம்.

பொறுக்க முடியவில்லை. செப்டம்பர் 10 ராத்திரி, ஜார்ஜியா சதர்ன். சின்ன அணி, பணம் கொடுத்து ஆடக் கூப்பிட்ட அணி. நான் மேல் அடுக்கில் இருந்தேன். நாங்கள் 42 புள்ளி எடுத்தோம். மெமோரியல் ஸ்டேடியத்தில் 35 அல்லது அதற்கு மேல் எடுத்த ஆட்டங்களில் அதுவரை 214-0, ஒன்றுகூடத் தோற்றதில்லை. அவர்கள் 642 யார்டு நகர்ந்தார்கள். 36 நொடி இருக்கும்போது 45-42 ஆக்கினார்கள். கடைசியில் நாங்கள் அடித்த 52 யார்டு உதையும் தவறியது. யாரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் காதில் இருந்த ரேடியோவைக் கழற்றி, வயரைச் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். மறுநாள் ஃப்ராஸ்ட் இல்லை.

வருஷம் ஒன்பது ஜெயித்த கோச்சுகளை விரட்டினவர்கள் நீங்கள்தானே?

ஆமாம். மறுக்க மாட்டேன். 2003-இல் ஃபிராங்க் சோலிச், 9-3 வருஷத்தில். 2014-இல் போ பெலினி, ஏழு பருவத்தில் ஒன்றில்கூட ஒன்பது வெற்றிக்குக் குறையாதவர், அந்த வருஷமும் 9-3. ஒன்பது போதாது என்று சொன்ன கூட்டத்தின் இன்றைய கனவு ஏழு.

மாட் ரூல் வந்த பிறகாவது?

அவர்தான் ஃப்ராஸ்டுக்குப் பிறகு வந்த கோச். வந்தபோது போட்ட ஒப்பந்தம் எட்டு வருஷம், 7.4 கோடி டாலர். முதல் வருஷம் 2023: மினசோட்டாவிடம் 13-10, மேரிலாந்திடம் 13-10, அயோவாவிடம் 13-10. மூன்றும் கடைசி நொடியில் எதிரணி அடித்த ஃபீல்ட் கோல். ஒரே பருவத்தில். 5-7. 2024-இல் முன்னேற்றம், 7-6, 2016-க்குப் பிறகு முதல் முறையாகப் பருவத்துக்குப் பின் நடக்கும் பவுல் ஆட்டத்துக்குப் போய் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்தோம். ரூல் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆட்களை நிதானமாகக் கட்டுகிறவர். ஆனால் அதே 2024-இல் அயோவாவோடு பாதி ஆட்டத்தில் 10-0 முன்னிலை. முடிவு? 13-10. கடைசி நொடி. 53 யார்டு உதை. இதை என் மனைவியிடம் சொன்னபோது, போன வருஷ மேட்சைத்தானே சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

நீ என்ன கோச்சா, குறை சொல்ல?

இல்லை. என் இடுப்பு வலிக்கு என்னால் பந்தைக் குனிந்து எடுக்கக்கூட முடியாது. ஆனால் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல சமையல்காரனாக இருக்க வேண்டியதில்லை.

விட்டுத்தொலைக்க வேண்டியதுதானே?

அடுத்த பருவ டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. சனிக்கிழமை மதியம் யாரும் போன் பண்ண வேண்டாம். ஜெயித்தால் நானே கூப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கூப்பிடவில்லை என்றால் ஸ்கோரைப் பார்க்காதீர்கள், 13-10 ஆகத்தான் இருக்கும்.